இரண்டு ஜன்னலுக்கும் ஒரு நிறம்

மருந்துக்கடைக்காரர் கேட்டது சாதாரணக் கேள்விதான். இருமல் மருந்தைக் காகிதப் பையில் போட்டு நீட்டிக்கொண்டே, “என்ன பெரியவரே, வீட்டை ரெண்டாப் பிரிச்சாச்சா?” என்றார். கேட்டுவிட்டு, அடுத்து நின்ற பெண்ணுக்கு மாத்திரை அட்டையை வெட்டத் தொடங்கிவிட்டார்.

பையை வாங்கக் கை நீட்டிய பெரியவர் அப்படியே நின்றார். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார். குரல் தடுமாறாமல் பார்த்துக்கொண்டார். அந்த வித்தை அவருக்குக் கைவந்தது. துறைமுக அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“யாரும் சொல்லல. நீங்களே திரும்பிப் பாருங்க” என்று கடைக்காரர் கத்தரிக்கோலால் தெருவின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். “இடது ஜன்னல் ஒரு கலரு, வலது ஜன்னல் ஒரு கலரு.”

பெரியவர் திரும்பிப் பார்த்தார். விளக்கு வைக்கும் நேரம். எதிரே அவருடைய வீடு. நடுவில் வாசல் கதவு, இரண்டு பக்கமும் ஆளுயர ஜன்னல்கள். இரண்டிலும் விளக்கு எரிந்தது, இரண்டிலும் ஒரே துணியில் தைத்த திரை பாதி விலகியிருந்தது. ஆனால் இடது ஜன்னலுக்குள் தெரிந்த சுவர் பழைய வேட்டி மாதிரி மங்கிக் கிடந்தது. வலது ஜன்னலுக்குள் இருந்த சுவர் பளிச்சென்று, அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் போல நின்றது.

“ஒரு பக்கம் முடிச்சிருக்கோம். மறுபக்கம் அடுத்த வாரம்” என்றார் பெரியவர். சொன்ன பிறகுதான் அது பொய் என்று அவருக்கே உறைத்தது. சரி, பொய்யாக இருக்காமல் பார்த்துக்கொண்டால் போயிற்று.

அந்த வீடு பிரிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தம்பி மகளை இன்ன வீட்டில் கொடுக்கிறோம் என்று பெரியவர் தன் பழைய சிநேகிதருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தம்பியைக் கேட்கவில்லை. குடும்பத்தில் மூத்தவர் கொடுத்த வாக்கை யாரும் கேள்வி கேட்டதில்லை. தம்பி கேட்டான். “பாப்பாவுக்கு இஷ்டமில்லைண்ணே” என்று நாலு பேர் முன்னால் சொன்னான். சிநேகிதர் எழுந்து போனார். பெரியவர் அன்றைக்குத் தலை குனிந்தது போல அதற்கு முன்னும் குனிந்ததில்லை, பின்னும் குனிந்ததில்லை. பாப்பாவின் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அதற்கப்புறம் ஹாலின் நடுவே சுவர் எழும்பியது.

அந்தச் சுவரையும் அவர் காதும் காதும் வைத்தாற்போல் எழுப்பினார். கொத்தனார் வெளியூர்க்காரர். செங்கல் பின்பக்கச் சந்து வழியாக இறங்கியது. வாசல் கதவு ஒன்றுதான். அதைத் திறந்தால் குறுகலான ஒரு சின்ன நடை, நடையில் இடது கையில் அவர் கதவு, வலது கையில் தம்பி கதவு, நடை முடிகிற இடத்தில் சுவர் தொடங்கும். தெருவிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரே வீடு, ஒரே நீள ஹால். அப்பா காலத்து நிறம் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. தெருவில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்தவர்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கௌரவம் என்பது பாதி அதுதான்.

சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். சாயங்காலம் பெரியவர் ஹாலில் விளக்கைப் போடும்போது சுவிட்சு ‘டக்’ என்னும். சற்றைக்கெல்லாம் அந்தப் பக்கம் ஒரு ‘டக்’ கேட்கும். அணைப்பது மட்டும் முதலில் தம்பி. அவன் பக்கம் கேட்ட பிறகு இவர். பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. ஒரு ஜன்னல் எரிந்து மற்றது இருண்டு கிடந்தால் தெரு என்ன நினைக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மனைவி போன பிறகு பெரியவர் வீட்டில் அவருக்குப் பதில் சொல்கிற ஒரே ஓசை அதுதான். அவர் அதை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் பெயின்ட் கடைக்குப் போனார். போன மாதம் எங்கள் வீட்டு வலது பக்கத்துக்கு வாங்கிய அதே நிறம் வேண்டும் என்று கேட்டார். கடைக்காரர் நெற்றியைத் தேய்த்தார். தம்பி முதலில் வந்து இரண்டு நிறத்தில் சின்னச் சின்ன டப்பா வாங்கிப் போனது ஞாபகம் இருக்கிறது. ஒன்று ஐவரி, ஒன்று கிரீம். பிறகு வந்து மொத்தமாக எடுத்த அன்று கடையில் இருந்தது கடைக்காரரின் மச்சான். அவன் எதைக் கொடுத்தான் என்று கேட்டால், அவனுக்கு நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதே ஞாபகம் இருக்காது.

“ரெண்டுல ஒண்ணு சார், அது நிச்சயம். வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன், ஒரே வீடுதானே” என்றார் கடைக்காரர்.

அதைத்தானே கேட்க முடியாது. பெரியவர் இரண்டிலும் ஒரு சின்ன டப்பாவும் ஒரு நிற அட்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். அட்டையில் இரண்டு கட்டங்களும் ஒட்டி ஒட்டி இருந்தன. ஐவரியில் மஞ்சள் தட்டுகிறது, கிரீமில் சிவப்புத் தட்டுகிறது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். தட்டியதெல்லாம் அவர் தலைவலிதான்.

பெயின்டர் வந்தான். வாய் ஓயாதவன், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டே வேலை பார்ப்பவன். சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, காய்ந்ததும் ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் இரண்டு நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கதவுப் பலகை அகலத்துக்கு அடித்தான். இரண்டு கோட்டிங். கீழே பென்சிலால் ‘ஐ’ என்றும் ‘கி’ என்றும் எழுதினான்.

“ரெட்டைப் பிள்ளைங்க ஐயா. பெத்தவளே குழம்பிடுவா. எதையாவது ஒண்ணைச் சொல்லுங்க, அடிச்சிட்டுப் போறேன்.”

எதையாவது ஒன்றை என்பது பெரியவர் வாழ்க்கையில் கிடையாது. அன்று சாயங்காலம் விளக்கைப் போட்டார். ‘டக்’. சுவரின் அந்தப் பக்கம் ‘டக்’. பிறகு தெருவைக் கடந்து மருந்துக்கடைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். இடது ஜன்னலில் இரண்டு பட்டைகள், வலது ஜன்னலில் தம்பியின் சுவர். முதலில் ஐவரிதான் என்று பட்டது. ஒரு லாரி கடந்து போனதும் கிரீம் என்று பட்டது. நாலு அடி தள்ளி நின்றார். நாயை நடத்திக்கொண்டு போன ஒருவர் அவரையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். காற்று வாங்குகிறேன் என்றார் பெரியவர். புகையும் தூசுமாக அந்தத் தெருவில் காற்று வாங்குகிறவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

தெருவிலிருந்து தெரியாது, கிட்டப் போய், சுவரில் அட்டையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஜன்னலை எட்டிப் பார்க்கலாம். தன் வீட்டு ஜன்னலை வெளியே நின்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு அவர் இறங்கிவிடவில்லை. நடையில் நின்றால் அதில் தப்பில்லை, நடை பொது.

காலையில் தம்பி நடக்கப் போகும் நேரத்தில், அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நடையில் செருப்பு அலமாரியை ஒழுங்குபடுத்துகிறவர் போல நின்றார். ஒழுங்குபடுத்த அதில் என்ன இருக்கிறது, இரண்டு ஜோடிச் செருப்பு. முன்பு தம்பி மனைவியுடையதும் இருக்கும். அவள் பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் ஊருக்குப் போய் மாதக்கணக்காகிறது. வலது கதவு திறந்தது. கண் சிமிட்டும் நேரம் ஒரு கீற்றுச் சுவர் தெரிந்தது. அந்தக் கீற்று ஐவரியாகவும் இருந்தது, கிரீமாகவும் இருந்தது. தம்பி கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. பெரியவர் அலமாரிக்குள் மும்முரமானார். தம்பி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். முதுகு வளைந்திருந்தது. எப்போதிருந்து வளைந்தது என்று பெரியவருக்குத் தெரியவில்லை.

இப்படியே நாள் போயிற்று. பெயின்டருக்குப் பொறுமை போய்விட்டது. வேறொரு வீட்டில் முழு வேலை வந்திருக்கிறது, இன்றைக்கு நிறம் சொல்லாவிட்டால் பிறகு எப்போது வருவேன் என்று தனக்கே தெரியாது என்றான். பிறகு, பெரிய உபகாரம் செய்கிறவன் போல, “பக்கத்துப் போர்ஷன்ல நான் போய்க் கேட்டுட்டு வரட்டா?” என்றான்.

“அது பக்கத்துப் போர்ஷன் இல்ல” என்றார் பெரியவர். “என் தம்பி இருக்கிற ஹால்.”

“அப்புறம் என்னங்க ஐயா கஷ்டம்?”

அவன் எகத்தாளமாகக் கேட்கவில்லை. ரோலரைத் துடைத்துக்கொண்டே கேட்டான். அதுதான் சுருக்கென்றது. ஒரு கூலி ஆள் போய், உங்க அண்ணன் உங்க சுவர் நிறம் தெரியாமல் தவிக்கிறார் என்று சொல்வதா? அதைவிடத் தானே போகலாம். பெரியவர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டார், தலை சீவிக்கொண்டார். நாலு எட்டில் இருந்த கதவுக்கு, ஏதோ அயலூர் போகிறவர் மாதிரி கிளம்பினார். விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டினார்.

தம்பி கதவைத் திறந்தான். முகத்தில் திகைப்பு வந்து, அதை மறைத்து, மறுபடியும் வந்தது.

“வாங்கண்ணே. உக்காருங்க.”

“உக்கார வரல” என்றார் பெரியவர் விறைப்பாக. சொல்லிவிட்டுப் பார்த்தால், உட்கார அங்கே எதுவும் இல்லை. சோபா இருந்த இடத்தில் நாலு காலின் தடம்தான் இருந்தது. ஓரமாகக் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள். ஜன்னலுக்குப் பக்கத்தில் திரையும் ஒரு ஸ்டாண்டு விளக்கும். தெருவுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் எல்லாம் இருந்தபடி இருந்தது.

கேட்க வந்ததைக் கேட்டுவிட வேண்டும். அட்டையை நீட்டி, “இதுல எது?” என்றார்.

தம்பி அட்டையைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். எதற்கு என்று கேட்கவில்லை. சுவருக்குப் போய் அட்டையை வைத்து, நகத்தால் ஒரு கட்டத்தைத் தொட்டான். “இது. ஐவரி.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு.”

“நானும் ரெண்டையும் அடிச்சுப் பாத்துத்தான் எடுத்தேன்.” கதவை முன்னால் இழுத்துக் காட்டினான். கதவு மறைத்திருந்த மூலையில், பழைய சுவரின் மேல் இரண்டு பட்டைகள் இன்னும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கீழே தம்பியின் குண்டு எழுத்தில் பெயர்கள்.

“எதை வெச்சு ஐவரின்னு முடிவு பண்ணினே?”

“உங்க சுவரை வெச்சுத்தான்.”

பெரியவருக்குப் புரியவில்லை.

“மருந்துக்கடைகிட்ட நின்னு பாத்தேன். ரெண்டு மூணு சாயங்காலம். உங்க ஜன்னல்ல தெரியற கலருக்கு எது பொருந்துதோ அதை எடுக்கலாம்னு. நாய் வெச்சிருப்பாரே, அவரு என்ன தொலைஞ்சு போச்சுன்னு கேட்டாரு.” தம்பி சிரிக்க முயன்றான். “பட்டையாப் பாக்கும்போது பொருந்துற மாதிரிதான் இருந்துச்சு. முழுசா அடிச்சதும் பளிச்சுன்னு ஆயிடுச்சு. உங்ககிட்ட சொல்லலாம்னு பாத்தேன்.”

“கேட்டிருக்கலாமே” என்றார் பெரியவர்.

“நீங்களும் கேட்டிருக்கலாம்.”

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. நாலு பேர் முன்னால் என்னைத் தலை குனிய வைத்தவனிடம் நான் என்ன கேட்பது என்று பத்து வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில். அது வாய் வரைக்கும் வரவில்லை. தம்பி அட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவும் எதையும் இப்படித்தான் பார்ப்பார். அப்பாவின் மகன்தான், தெருவுக்காக நிறம் பார்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

பிறகுதான் பெட்டிகளைப் பார்த்து, இதெல்லாம் என்ன என்று கேட்டார்.

பாப்பா கூப்பிடுகிறாள் என்றான் தம்பி. அவளும் அம்மாவும் அங்கே, இவன் இங்கே தனியாக, சர்க்கரை வேறு ஏறிக்கொண்டே போகிறது. ஞாயிற்றுக்கிழமை மருமகன் வண்டியோடு வருகிறான். இந்தப் பக்கத்தை வாடகைக்கு விடச் சொல்லி புரோக்கர் ஒருவர் சொன்னார். சுவர் அழுக்காக இருந்தால் யாரும் வர மாட்டார்கள் என்றார். அதற்காகத்தான் பெயின்ட்.

“நம்ம ஹாலுல வெளி ஆளா?”

நம்ம என்ற வார்த்தை தானாக வந்து விழுந்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள்.

“சும்மா பூட்டிப் போட்டா ஜன்னல் இருட்டாக் கெடக்குமேண்ணே” என்றான் தம்பி. “அதுக்கு யாராவது இருந்தாத் தேவலைன்னு பாத்தேன்.”

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரைக்கு வெளியே மருந்துக்கடை தெரிந்தது. அவர் வாழ்நாள் முழுக்க இந்தத் தம்பிக்குக் கட்டளை போட்டவர். இதைப் படி, இந்த வேலையில் சேர், இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள். போகாதே என்பதும் பார்வைக்கு அதே மாதிரி வார்த்தைதான். ஆனால் சொல்ல வாயெடுத்தபோது, அது கட்டளை இல்லை, கெஞ்சல் என்று தெரிந்தது. கெஞ்சி அவருக்குப் பழக்கமில்லை. தம்பி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். எதற்கோ காத்திருக்கிறவன் மாதிரி நின்றான். அதில் வெற்றுப் பின்பக்கத்தைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை.

“வாடகைக்கெல்லாம் வேணாம்” என்றார் பெரியவர் கடைசியில். “சாவியை எங்கிட்டக் குடுத்துட்டுப் போ.”

“சரிண்ணே.”

“பெயின்டர் காத்துக்கிட்டிருக்கான்.”

தம்பி அட்டையை நீட்டினான். பெரியவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு தன் கதவுக்குத் திரும்பினார். ஐவரி என்று பெயின்டரிடம் சொன்னார். “நான் அப்பவே நினைச்சேன்” என்றான் அவன். அவன் ஒன்றும் நினைக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தான். பெரியவர் அவனை முதல் தடவையாக நேரில் பார்த்தார். நல்ல உயரம், மரியாதையாக நின்றான். சாமான்களைப் பின்பக்கச் சந்து வழியாக ஏற்றச் சொன்னார் பெரியவர். ஏன் என்று அவன் கேட்கவில்லை. மாமனார் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். தம்பி சாவியை அண்ணன் கையில் வைத்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் பெரியவர். அவனும் அதையே திருப்பிச் சொன்னான். பாப்பாவைக் கேட்டதாகச் சொல் என்று ஒரு வார்த்தை இவர் சேர்த்துக்கொண்டபோது வண்டி கிளம்பிவிட்டது. தம்பி காதில் விழுந்ததா இல்லையா என்பது தெரியவில்லை. ஜன்னல் திரையையும் ஸ்டாண்டு விளக்கையும் தம்பி எடுத்துப் போகவில்லை.

சாயங்காலம் பெரியவர் தன் ஹாலில் சுவிட்சைத் தட்டினார். புதுச் சுவர் மேல் வெளிச்சம் விழுந்தது. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. பழக்கம், அப்படியே நின்று காது கொடுத்தார். சுவர் பேசாமல் இருந்தது. பிறகு சாவியை எடுத்துக்கொண்டு நடைக்குப் போய், வலது கதவைத் திறந்து, இருட்டில் தடவி அந்தச் சுவிட்சையும் தட்டினார். ‘டக்’. இவ்வளவு கிட்டத்தில் அது வேறு மாதிரிக் கேட்டது.

சரிபார்க்க வேண்டாமா, தெருவைக் கடந்து போய் நின்று திரும்பிப் பார்த்தார். இரண்டு ஜன்னல், ஒரே திரை, ஒரே நிறம். எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று கட்டியவராலேயே சொல்ல முடியாது.

மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். “இப்பத்தான் வீடு வீடா இருக்கு, பெரியவரே. நல்ல கலரு. யாரு பாத்து எடுத்தது?”

“தம்பி எடுத்தான்.”

“ஆளையே காணோமே, நல்லா இருக்காரா?”

பெரியவர் வலது ஜன்னலைப் பார்த்தார். விளக்குக்குக் கீழே யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளே போனது போல இருந்தது.

“உள்ளதான் இருக்கான்” என்றார்.

இருமல் மருந்து இன்னொன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். படுக்கப் போகுமுன் வழக்கப்படி முதலில் தம்பி பக்கத்தை அணைத்தார். நடையைக் கடந்து வந்து, கொஞ்ச நேரம் விட்டு, தன் பக்கத்தை அணைத்தார்.